வளர்ந்த பிறகு இயேசுவிடம் வருகிறவர்களுக்கு: முதல் ஜெபத்திலிருந்து சபைப் பதிவேடு வரை

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்களுக்குப் பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் முடிந்து, சபைப் பதிவேட்டில் பெயரும் ஏறியிருக்கும். இது, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதில் 'இனி இயேசுவோடுதான்' என்று முடிவெடுத்துவிட்டு, அடுத்து யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு. நானும் அப்படி நின்றவன்தான். ஆவிக்குரிய ஆலோசனை கேட்காமலே கிடைத்தது. என்ன பேப்பர் வேண்டும், எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும், சாதிச் சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில், அல்லது ஒரு புன்னகை.

இப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் லூக்கா 14ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவரே இயேசுதான்.

தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். பெரும்பாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கத் திருச்சபை இரண்டையும் பற்றி. எந்தப் பெரிய திருச்சபை அமைப்பிலும் சேராத தனிச் சபைகள் பற்றி ஆங்காங்கே வரும்.

1. முதலில் தனியாக, வீட்டில்

சபைக்குப் போவதற்கு முன் மாற்கு சுவிசேஷத்தை முழுதாகப் படியுங்கள். 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் படித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரசங்க வீடியோ எதையும் பார்க்காமல் படியுங்கள். இயேசு என்ன செய்தார், யாரிடம் கோபப்பட்டார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, வேறு ஒருவர் மேடையில் நின்று 'இயேசு இப்படிச் சொல்கிறார்' என்றால் சரியா தவறா என்று உங்களுக்கே தெரியும். பின்னால் வரப்போகிற ஏமாற்றங்களில் பாதியை இந்த ஒன்றரை மணி நேரம் தவிர்த்துவிடும்.

எந்த வேதாகமம் வாங்குவது? சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிப்பது இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடும் பழைய திருப்புதல் என்கிற பழைய மொழிபெயர்ப்பு, 66 புத்தகங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் வாசிப்பது 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள். பழைய திருப்புதலின் நடை முதலில் கரடுமுரடாக இருக்கும். கதையை விளங்கிக்கொள்ளத் திருவிவிலியமும், மனப்பாடம் செய்யப் பழைய திருப்புதலும் என்று நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். இலவசச் செயலியிலும் இரண்டும் கிடைக்கும், ஆனால் கைப்பேசியில் படித்தால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் வந்துவிடும். காகிதப் புத்தகம் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான்.

ஜெபத்துக்கு ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள், பதினைந்து நிமிடம் போதும். எந்த நேரம் என்பது முக்கியமில்லை, தினமும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு: சபையில் மற்றவர்கள் 'உமது சமுகத்திலே தாழ்த்துகிறோம், உம்மைத் துதிக்கிறோம், ஸ்தோத்திரிக்கிறோம்' என்று மடமடவென்று பொழிவதைக் கேட்டுவிட்டு, நமக்கு ஜெபிக்கவே வராது என்று நினைத்துவிடுவது. அந்தத் தமிழ் உங்களுக்கு வரவேண்டியதில்லை. மத்தேயு 6இல் இயேசு சொல்வது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பேசச் சொல்லித்தான். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். கடன் கவலை என்றால் கடன் என்றே சொல்லுங்கள். மேலதிகாரி மேல் எரிச்சல் என்றால் அவர் பெயரைச் சொல்லியே எரிச்சல்படுங்கள். ஒன்றும் வரவில்லையா, சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்; 'எதுவரைக்கும்' என்று கடவுளையே கேட்கிற சங்கீதம் அது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றன்று படித்த ஒரு வசனத்தையும், கேட்ட ஒரு காரியத்தையும் தேதியோடு எழுதிவையுங்கள். ஆயரிடம் (சபைப் போதகரைத்தான் ஆயர் என்கிறேன்; கத்தோலிக்கத்தில் அவர் பங்குத்தந்தை) முதன்முறை பேசப் போகும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும். 'ஏன் வருகிறீர்கள்' என்று அவர் கட்டாயம் கேட்பார்.

2. சபையைத் தேடும்போது அவசரம் வேண்டாம்

எந்த நண்பர் முதலில் கூப்பிட்டாரோ அவருடைய சபையிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். நல்ல நண்பர் என்பதற்காக அது உங்களுக்கு ஏற்ற சபை ஆகிவிடாது. இரண்டு மூன்று இடங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு மாத ஞாயிறுகளாவது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள், செருப்பு வெளியே. திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் சடங்கு, கத்தோலிக்கத்தில் நற்கருணை) நேரத்தில் எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள், நீங்கள் போகவேண்டாம், உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நான் பார்க்கச் சொல்வது மூன்று காரியம். ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று சாதாரண ஜனங்களிடம் பேசுகிறாரா, அவர்கள் பெயர் அவருக்குத் தெரிகிறதா? வருடத்துக்கு ஒரு முறையாவது வரவுசெலவுக் கணக்கைச் சபைக்கு வாசிக்கிறார்களா? போதகர் தவறு செய்தால் கேட்க மேலே ஆள் உண்டா? சி.எஸ்.ஐ.யில் சேகரக் கமிட்டியும் (சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) பேராயரும், கத்தோலிக்கத்தில் பங்குப் பேரவையும் பிஷப்பும் இருக்கிறார்கள். அவையும் சண்டை சச்சரவு இல்லாத இடங்கள் இல்லை, கமிட்டித் தேர்தல் நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனாலும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. தனிச் சபை என்றால் இந்த மூன்றாவது கேள்வியை நேராகவே கேளுங்கள். நல்ல போதகர் கோபப்படமாட்டார்.

திரும்பிப் பார்க்காமல் வெளியே வரவேண்டிய இடங்களும் உண்டு. மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற இடம். காணிக்கையைப் போதகரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே பண்ணச் சொல்கிற இடம். இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு ஆசீர்வாதம் என்று விலைப்பட்டியல் வாசிக்கிற இடம். வீட்டாரோடு பேச்சை நிறுத்தச் சொல்கிற இடம். 'வருகிற ஞாயிறே தண்ணீரில் இறங்கிவிடுங்கள், நாளை என்ன நடக்குமோ யாருக்குத் தெரியும்' என்று பயமுறுத்துகிற இடம். இந்தக் கடைசிப் பேச்சை நான் நேரில் கேட்டிருக்கிறேன். பேசியவர் என் முழுப் பெயரைக்கூட அதுவரை கேட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் மனது உடையும். சாதி சபைக்குள்ளும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனித்தனிப் பகுதி வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கிற சபையில் அது எந்த அளவுக்கு என்று அந்தச் சபைக்காரர் ஒருவரிடம் டீக்கடையில் கேளுங்கள், ஆலய வளாகத்தில் உண்மை வராது.

3. வீட்டில் சொல்வது

ஞானஸ்நானத் தேதி முடிவான பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆலயத்துக்குப் போக ஆரம்பித்தவுடனேயே சொல்லிவிடுவது நல்லது. அப்போது அது ஒரு செய்தி, பின்னால் சொன்னால் துரோகம். ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லவும் வேண்டாம். வீட்டில் யார் கேட்டுக்கொள்வாரோ அவரிடம் முதலில்.

அம்மா கேட்கப்போவது தத்துவக் கேள்விகளாக இருக்காது. 'பொங்கலுக்கு வருவியா? குலசாமி கும்பிடுறப்ப வந்து நிப்பியா? எனக்குக் கொள்ளி வைப்பியா?' இந்த மூன்றுக்கும் பதிலை முன்கூட்டியே யோசித்து, முடிந்தால் ஆயரிடமும் பேசிவிட்டுப் போங்கள். எதைச் செய்வேன், எதைச் செய்ய மனம் வராது என்பதைத் தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்லிவிட்டால், நான் பார்த்த பல வீடுகளில் கோபம் அடங்கிவிடுகிறது. பூஜை அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அது அவர்களுடையது.

திருமணமானவர் என்றால் கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் எதுவும் வேண்டாம். பொறுப்புள்ள ஆயர் எவரும் அப்படிக் கொடுக்கவும் மாட்டார்.

4. சட்டம், சாதிச் சான்றிதழ்: தண்ணீரில் இறங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பகுதி

தமிழ்நாட்டில் இப்போது மதமாற்றத் தடைச் சட்டம் கிடையாது. 2002இல் கட்டாய மதமாற்றத்துக்கு எதிராகக் கொண்டுவந்ததை 2004இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆகவே கலெக்டரிடம் முன் அனுமதி என்று இங்கே எதுவுமில்லை. ஆனால் வேலை காரணமாக வெளிமாநிலத்தில் இருந்தால் கதை வேறு. உத்தரப் பிரதேசத்தில் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கு (கலெக்டருக்கு) எழுத்தில் அறிவிக்க வேண்டும். குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. அங்கே இருக்கிறவர்கள் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதியினர்) ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவத்துக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இட ஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை, தனித்தொகுதியில் போட்டியிடுவது என எல்லாமே இதைப் பொறுத்தது. 'பேப்பர்ல மாத்தாம விட்டுருங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான்' என்று சபைக்குள்ளேயே சொல்வார்கள். 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் ஆலயத்துக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பையே ஏமாற்றுவதாகும். பழங்குடியினருக்கான ஆணையில் இப்படி மத நிபந்தனை இல்லை.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆலயத்துக்குப் போனதும் தெருவில் சாதி மறைந்துவிடுவதில்லை. ஆனால் இருக்கிற விதி இதுதான். படிப்பின் நடுவிலோ அரசுத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும்போதோ இருந்தால், எதை இழக்கிறோம் என்று தெரிந்தே முடிவெடுங்கள். அதற்காகச் சில காலம் காத்திருப்பவரை இயேசு வாசலில் நிறுத்திவிடமாட்டார். திருச்சபையும் புகுமுக நிலையில், அதாவது ஞானஸ்நானத்துக்குத் தயாராகிற நிலையில், இருக்கிறவரைத் தன்னைச் சேர்ந்தவராகவே பார்க்கிறது.

திருமணமானவர்களுக்கு: இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், துணைவர் மதம் மாறியது விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது. சொத்தில், மதம் மாறியவருக்கு வாரிசுரிமை போவதில்லை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. பூர்வீக நிலம் இருக்கிற வீடு என்றால் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வேலையில் உண்மையிலேயே பணம் செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான்.

5. என்னென்ன ஆவணங்கள்

சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். பொதுவாகக் கேட்பவை: ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், திருமணமானவர் என்றால் திருமணச் சான்று. 18 வயது முடிந்திருக்க வேண்டும். முடியாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் கேட்க வேண்டாம்.

இவற்றோடு, உங்கள் கையெழுத்திலேயே ஆயருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம். யாருடைய வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் இல்லாமல் சுயவிருப்பத்தோடு கேட்கிறேன் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் பல ஆயர்கள் இதையே நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரமாகக் கேட்கிறார்கள். அது அவர்களின் பாதுகாப்புக்கு, தயங்காமல் கொடுங்கள். இதற்கு முன்பெல்லாம் ₹20 முத்திரைத்தாள் போதும்; தமிழ்நாட்டில் 2024 மே முதல் அது ₹200. நோட்டரிக் கட்டணம் தனி.

கத்தோலிக்கத்தில் ஞானப்பெற்றோர் (விசுவாச வாழ்வில் உங்களுக்குத் துணை நிற்பவர்) ஒருவர் வேண்டும். அவர் 16 வயது முடிந்தவராகவும் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். உங்களைப் பெற்றவராக இருக்கக்கூடாது. உங்களை அழைத்து வந்த நண்பர் வேறு சபைக்காரராக இருந்தால் இங்கேதான் சிக்கல் வரும், அவரைச் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். முன்பு ஒரு திருமணம் நடந்து முறிந்திருந்தால் அதைப் பங்குத்தந்தையிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி மாதத்தில் தெரிந்தால் எல்லாம் நின்றுவிடும்.

குழந்தையாக இருந்தபோதே உங்களுக்கு யாராவது ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரி, அல்லது கிறிஸ்தவப் பாட்டி, இப்படி எதிர்பாராத கதைகள் வரும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் ஒரு முறை கொடுத்திருந்தால், சி.எஸ்.ஐ.யிலும் கத்தோலிக்கத்திலும் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள்.

6. எவ்வளவு காலம் ஆகும்

கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் ஒரே இரவில், ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் கொடுப்பது முறை. ஆகவே ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, அதற்கு முந்திய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று, அந்த ஈஸ்டரில் திருமுழுக்குப் பெறுகிறவராக நீங்கள் தெரிவு செய்யப்படுவீர்கள். மறைக்கல்வி வகுப்புக்குப் பல மாதங்கள் வேண்டும் என்பதால் முந்தைய ஆண்டின் நடுவிலேயே பங்குத்தந்தையைப் பார்த்துவிட வேண்டும். ஜனவரியில் போய் நின்றால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு என்றுதான் சொல்வார்.

சி.எஸ்.ஐ.யில் இரண்டு கட்டம். ஞானஸ்நானத்தை ஆயர் கொடுப்பார், வகுப்பு முடிந்ததும் ஒரு ஞாயிறு ஆராதனையில். திருவிருந்தில் பங்கெடுக்கத் திடப்படுத்தல் (கத்தோலிக்கத்தின் உறுதிப்பூசுதல் போன்றது) வேண்டும், அதை வழக்கமாகப் பேராயர்தான் செய்வார். அவர் உங்கள் சேகரத்துக்கு எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்துச் சில மாதங்கள் இடைவெளி விழலாம். வகுப்பில் கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணம் மூன்றும் மனப்பாடமாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள். கூச்சப்படாதீர்கள். கேள்வி கேட்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் வகுப்பே உயிர்பெறும்.

ஆயர்களுக்கு மாற்றல் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். வகுப்புப் பாதியில் இருக்கும்போது ஆயர் மாறினால், புதியவர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம். போகிறவரிடம் இதுவரை முடித்ததை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

7. அந்த நாள்

தலையில் மூன்று முறை தண்ணீர் வார்ப்பதா, முழுக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சி.எஸ்.ஐ.யில் இரண்டும் உண்டு. முழுக்கு என்றால் மெல்லிய வெள்ளைச் சட்டை வேண்டாம், நனைந்ததும் எல்லாம் தெரியும். அடர்ந்த நிறம், உள்ளே பனியன். பெண்கள் சேலையைவிடச் சுடிதார், துப்பட்டாவுக்கு நாலு சேஃப்டி பின். துண்டு, மாற்று உடை, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஆற்றிலோ கடலிலோ என்றால் ஆழம் தெரிந்த இருவர் கூட நிற்க வேண்டும். வலிப்பு, ரத்த அழுத்தம் எதுவும் இருந்தால் போதகரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லோர் முன்னாலும் கேள்விகள் கேட்பார்கள், பதில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். முந்தின நாள் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். என் குரல் இரண்டாவது கேள்வியில் அடைத்துக்கொண்டது. ஆயர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

கைப்பேசி விஷயம். நீங்கள் தண்ணீரை விட்டு ஏறுவதற்குள் யாரோ ஒருவர் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார். ஊரில் இருக்கிற மாமாவுக்கு நீங்கள் சொல்வதற்கு முன் அது சொல்லிவிடும். படம் எடுக்க ஒருவரை மட்டும் அனுமதியுங்கள் என்று ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பதிவேடும் பெயரும்

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வெஸ்டிரியை (ஆலயத்தில் ஆயரின் அறையை) விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். பதிவேட்டில் உங்கள் வரியை நீங்களே படித்துப் பாருங்கள்: பெயர், இனிஷியல், தந்தை பெயர், பிறந்த தேதி, எல்லாம் ஆதாரில் உள்ளபடியே. இப்போது திருத்துவது ஒரு நிமிட வேலை. பத்து வருடம் கழித்துத் திருமணத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ என்றால் அலைச்சல்.

புதுப் பெயர் கட்டாயமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. முருகன் முருகனாகவே ஞானஸ்நானம் எடுக்கலாம். கத்தோலிக்கத்தில் புனிதர் ஒருவர் பெயரை எடுப்பது வழக்கம், அதற்கு மேல் இல்லை. எடுப்பதானால் 'முருகன் என்கிற ஜான்' என்று இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். புதுப் பெயர் மட்டும் சான்றிதழில் இருந்து, பழைய பெயர் மட்டும் ஆதாரில் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அரசு ஆவணங்களிலும் மாற்ற விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது மத மாற்றத்தைக் காட்டும் சபைச் சான்றும் வைக்க வேண்டும். அது வந்த பிறகுதான் ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட் என்று வரிசையாக. நான் பெயரை மாற்றவில்லை. இத்தனை கவுன்ட்டர்களில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

சாதிச் சான்றிதழை மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் ₹60. ஞானஸ்நானச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டியிருக்கும், எனவே ஆலயத்தில் முத்திரையோடு இரண்டு அசல் பிரதி கேட்டு வாங்கி வையுங்கள்.

9. பணம்

ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழுக்குச் சிறு தொகை கேட்பார்கள். யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள்.

அதற்குப் பிறகுதான் மாதாந்திரச் செலவு. சந்தா என்பது உறுப்பினர் கட்டணம். பாக்கி வைத்தால் சி.எஸ்.ஐ.யில் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. ஞாயிறு காணிக்கை உங்கள் விருப்பம். தசமபாகம் வருமானத்தில் பத்தில் ஒன்று. இதை உங்கள் கடன், வாடகை எல்லாம் பார்த்து ஆயரோடு பேசி முடிவு செய்யுங்கள், மேடைப் பேச்சைக் கேட்டு அல்ல. அப்புறம் ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டிட நிதி, கன்வென்ஷன், திருநெல்வேலிப் பக்கம் என்றால் அசனப் பண்டிகைக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) அரிசி, காய்கறி.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் புதியவர்கள் ஜாக்கிரதை. ஆராதனைக்குப் பின் காணிக்கையாக வந்த வாழைத்தார், சேவல், பூசணிக்காய் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று ஐம்பதில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டும். ஏலம் விடுகிறவர் மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் கை தானாக மேலே போகும். முதல் வருடம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை மட்டும் பாருங்கள், அதுவே நல்ல வேடிக்கை.

10. அதற்கடுத்த வருடம்

இதுதான் உண்மையான கடினம், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. முதல் சில மாதங்கள் ஜெபிக்க உட்கார்ந்தாலே கண் கலங்கும். பிறகு ஒரு நாள் ஒன்றுமே தோன்றாது. அடுத்த நாளும் தோன்றாது. 'இயேசு போய்விட்டாரா, நான் விழுந்துவிட்டேனா' என்று பயம் வரும். இது எல்லோருக்கும் வருவதுதான், பிறவிக் கிறிஸ்தவர்களுக்கும். உணர்வு இல்லாத நாட்களிலும் அதே பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அந்தப் பழைய நோட்டை எடுத்து முதல் மாதம் எழுதியதைப் படியுங்கள். ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். திருவிருந்தை, நற்கருணையை விடவே விடாதீர்கள். நமக்கு ஒன்றும் தோன்றாத நாளிலும் அது நம் கையில் கொடுக்கப்படுகிறது.

கூட நடக்க ஒருவர் வேண்டும். உங்களைவிடப் பத்திருபது வயது மூத்தவராக, வாயைவிடக் காது பெரிதாக உள்ளவராக ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத்தில் தெருவுக்குத் தெரு அன்பியக் கூட்டம் இருக்கிறது, மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம். வாரம் ஒன்றுக்குப் போனால் போதும். உபவாச ஜெபம், காத்திருப்புக் கூட்டம், இரவு ஜெபம் என்று எல்லாவற்றுக்கும் போய் ஆறே மாதத்தில் களைத்து வீட்டோடு நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சாட்சி சொல்ல, அதாவது நீங்கள் இயேசுவிடம் வந்த கதையை மேடையில் சொல்ல, கூப்பிடுவார்கள். வேறு மதத்திலிருந்து வந்தவர் என்றால் கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிடுவார்கள். முதல் வருடம் மறுத்துவிடுங்கள். மேடையில் சொல்லச் சொல்லக் கதை வளரும். இருந்த கஷ்டம் இரண்டு மடங்காகும். விட்டுவந்த தெய்வங்களையும் வீட்டாரையும் மட்டம் தட்டினால் கைதட்டு கூடுதலாகக் கிடைக்கும். அது வீடியோவாக உங்கள் அம்மாவிடமே போய்ச் சேரும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புதிய வருடத்துக்கு ஒரு வேத வசனம் எழுதிய சீட்டு) ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வசனம் நல்லதுதான், சந்தோஷமாக எடுங்கள். ஆனால் 'உயர்த்துவேன்' என்று வந்ததால் பதவி உயர்வு நிச்சயம் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். அந்த வசனம் இருக்கிற அதிகாரம் முழுவதையும் வீட்டில் படித்துப் பாருங்கள், பல சமயம் அதற்கு முந்திய வரியில் ஒரு கண்டிப்பு இருக்கும்.

லெந்து (தவக்காலம்) நாற்பது நாளும் புதியவர்களுக்கு நல்ல காலம். பெரிய விரதம் எதுவும் வேண்டாம். மாற்கை மறுபடி ஒரு முறை, இந்த முறை நாளுக்குச் சில வசனங்களாக. பெரிய வெள்ளி அன்று பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி ஆராதனை. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க 11:30க்கே போய்விடுங்கள்.

11. ஊர் மாறினால், இறந்தால்

வேலை மாற்றலில் வேறு ஊர் போகிறீர்கள் என்றால் பழைய சபையில் உறுப்பினர் மாற்றுக் கடிதம் வாங்கிப் போய்ப் புதிய சேகரத்தில் கொடுங்கள். அதில் ஞானஸ்நானத் தேதியும் திடப்படுத்தல் தேதியும் இருக்கிறதா பாருங்கள். கடிதம் இல்லாமல் போனால் சந்தாக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்.

திருமணம் ஆகாதவர்களுக்கு இது முக்கியம்: இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872இன்படி, சி.எஸ்.ஐ. ஆயரும் கத்தோலிக்கக் குருவும் நேரடியாகத் திருமணம் நடத்தலாம். தனிச் சபைப் போதகருக்கு அரசு வழங்கும் உரிமம் வேண்டும். அவரிடம் அது இருக்கிறதா என்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

கல்லறை பற்றி வீட்டாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்தச் சபை, ஆயரின் எண், அடக்கமா தகனமா. சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உறுப்பினர்களுக்குத்தான், கட்டணமும் உண்டு. சென்னை போன்ற இடங்களில் கீழ்ப்பாக்கம் கல்லறையிலேயே புதுக் குழிக்கு இடமில்லாத நெருக்கடி. இந்து வீட்டில் தனியாக மாறிய ஒருவர் திடீரென்று இறந்துபோனால், ஆயர் ஒரு பக்கமும் பங்காளிகள் ஒரு பக்கமும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அந்தத் தாளில் ஒரு சாட்சி கையெழுத்தும் வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற அதே பையில் வையுங்கள்.